வயலில் மண் மாதிரி எடுப்பது எப்படி? வேளாண் விரிவாக்கப் பயிற்சிக்கு வரும் உயிரியல் மாணவர்களுக்கு

உயிரியல் படித்துவிட்டுக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பயிற்சிக்குச் சேரும் மாணவர், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து உழவர்களுக்கு உடனடியாகப் பயன்படும்படி செய்யக்கூடிய வேலை மண் மாதிரி எடுப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மேல்மண் ஏறத்தாழ 900 டன் இருக்கும். அவ்வளவு மண்ணுக்கும் சார்பாக ஆய்வகத்துக்குப் போவது அரைக்கிலோ மட்டுமே. ஆகவே வயலில் நேரும் பிழையை எந்த ஆய்வகக் கருவியாலும் திருத்த முடியாது.

1. காலம்

அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் பங்குனி முதல் வைகாசி வரை எடுப்பது நல்லது. புழுதி விதைப்புக்கு (மழைக்கு முன் காய்ந்த நிலத்தில் விதைப்பதற்கு) முன்பே முடிவு உழவர் கையில் இருக்க வேண்டும். உரமோ எருவோ அண்மையில் இட்ட வயலைத் தவிர்த்துவிடுங்கள்.

2. மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுதான். கையேடுகள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. செட்டிநாட்டுப் பகுதியில் கோடையில் வயல்களில் ஆட்டுக்கிடை போடும், அதாவது எருவுக்காக ஆட்டு மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைக்கும், வழக்கம் இன்றும் உண்டு. கிடை போட்ட பகுதியில் புழுக்கையும் சிறுநீரும் சேர்ந்து தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடியிருக்கும். பாதி வயலில் மட்டும் கிடை கிடந்திருந்தால், இரண்டு பாதி மண்ணையும் கலந்து பெறும் சராசரி எந்தப் பாதிக்கும் பொருந்தாது. கண்மாய் வண்டல் அடித்த வயலுக்கும் இதே நிலைதான். எனவே, "போன வருஷம் கிடை போட்டிருந்தீங்களா அண்ணே? எந்தப் பக்கம்?" என்றும், "வண்டல் அடிச்சு எத்தனை வருஷமாச்சு?" என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டபடியே வயலின் படத்தைக் கையால் வரைந்து, வேறுபடும் பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேட்டுப் பக்கம் செம்மண் சரளையாகவும் பள்ளத்துப் பக்கம் களியாகவும் இருந்தால், வரப்பு ஒன்றாகவே இருந்தாலும் மாதிரி இரண்டு எடுக்க வேண்டும்.

3. கருவிகள்

குழாய் வடிவத் துளைக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்குள்ள செம்புறாங்கல் சரளையில் அது இறங்காது. மண்வெட்டி, மூங்கில் பிளாச்சு, பிளாஸ்டிக் வாளி, துணிப்பை ஆகியவை போதும். துத்தநாகம் பூசிய தகர வாளி வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு மண்ணில் கலந்தால் துத்தநாகக் குறை உள்ள வயல்கூடக் குறையற்றதாகத் தோன்றும்.

4. எடுக்கும் முறை

வரப்பு, மரநிழல், எருக்குழி, வாய்க்கால் ஆகியவற்றை ஒட்டிய இடங்களை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து நடந்து, ஒரு பகுதிக்குப் பத்து முதல் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் சருகை மட்டும் விலக்கிவிட்டு, நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் பிளாச்சினால் சீவி வாளியில் இடுங்கள். மண்வெட்டியின் இரும்பு பட்ட பரப்பை முதலில் சுரண்டித் தள்ளிவிட்டால் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களின் சோதனைக்கும் அதே மண் உதவும்.

சேர்ந்த மண்ணைக் கட்டி உடைத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். அரைக்கிலோ எஞ்சும்வரை இதைத் தொடர வேண்டும். பிறகு நிழலில் உலர்த்துங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி ஒன்றைப் பைக்குள்ளும் மற்றொன்றை வெளியிலும் வையுங்கள். ஈரம் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.

5. முடிவை எடுத்துச் சொல்லுதல்

2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமிலத் தன்மை முதல் போரான் வரை 12 அளவுகள் தரப்படுகின்றன. ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து ஆகியவற்றின் அளவு ஹெக்டேருக்குக் கிலோவில் இருக்கும். உழவர் கணக்கிடுவதோ ஏக்கருக்கு மூட்டையில். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். எடுத்துக்காட்டாக, ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்துப் பரிந்துரை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் 87 கிலோ யூரியா தேவை. அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. அதையும் ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: தென்னந்தோப்புக்கும் இதே ஆழம்தானா என்று படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். இல்லை. மரப்பயிர்களுக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று அடுக்குகளிலிருந்து தனித்தனியாக எடுத்து, அடுக்குக்கு ஒரு பையாக வைத்து, ஆழத்தையும் சீட்டில் குறிக்க வேண்டும். சரளை நிலத்தில் இதற்குக் கடப்பாரை தேவைப்படும் என்பதால், தோப்புக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.