மெடிக்கல் ஆசையோடு கோலாலம்பூர் வருபவர்களுக்கு

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன ஒரு தம்பதியைச் சந்தித்தேன். பையன் பத்தாவது முடித்திருக்கிறான், இங்கே ஏ-லெவலில் (நம் ப்ளஸ் டூ மாதிரியான பிரிட்டிஷ் படிப்பு) சேர்க்கப்போகிறார்கள், டாக்டராக ஆசை. என்ன பாடம் எடுக்கிறான் என்று கேட்டேன். “பயாலஜி, கெமிஸ்ட்ரி, மாத்ஸ். மூணு எடுத்தா போதுமாம் அக்கா, ஸ்கூல்லயே பார்த்துச் சொல்லிட்டாங்க” என்றார் அந்தப் பெண், நிம்மதியாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறிவேப்பிலையை அப்படியே வைத்துவிட்டு அரைமணி நேரம் நடைபாதையில் நின்று பேசினேன். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாணவர் விசா, வெளிநாட்டு மாணவர்களுக்கான மலேசிய அமைப்பான இஎம்ஜிஎஸ் வழியாகப் போகும். விண்ணப்பத்தைக் கல்லூரியே போடும், நீங்கள் பாஸ்போர்ட், மார்க் ஷீட், மருத்துவப் பரிசோதனை என்று கேட்டதைக் கொடுத்தால் போதும். அப்பாவின் வேலை பாஸில் பிள்ளை டிபெண்டன்டாக ஒட்டிக்கொண்டிருப்பது பதினெட்டு வயது வரைக்கும்தான் என்பதை மட்டும் காலண்டரில் குறித்துவையுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. நமக்குப் பெரும்பாலும் தனியார்தான். பினாங்கில் இறங்குபவர்கள், யுஎஸ்எம் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அதன் மருத்துவப் படிப்பு கிளந்தானில், குபாங் கெரியானில் நடக்கிறது. தீபகற்பத்தின் மறுகரை அது.

சரி, இப்போது அந்த மூன்று பாடம்.

நம் ஊரில் ப்ளஸ் ஒன் சயின்ஸ் குரூப் என்றால் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ஒரே பொட்டலம். கூட பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்றுதான் வீட்டில் சண்டை நடக்கும். பிசிக்ஸ் வேண்டுமா என்று எந்த அப்பாவும் கேட்டதில்லை. ஏ-லெவலில் பொட்டலமே கிடையாது. எல்லாம் உதிரி. மலேசிய மருத்துவக் கவுன்சிலின் குறைந்தபட்சத் தகுதியைப் படித்துப் பாருங்கள்: பயாலஜியில் பி, கெமிஸ்ட்ரியில் பி, அப்புறம் பிசிக்ஸ் அல்லது மாத்ஸில் பி. அந்த ‘அல்லது’தான் எங்களை ஒரு வருடம் உட்கார வைத்தது.

2019-இல் திருச்சியிலிருந்து வந்தோம். மகள் இங்கே ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் ஐஜிசிஎஸ்இ (நம் பத்தாவது மாதிரி) எழுதினாள், பிசிக்ஸில் ஏ. (அந்தக் கட்டத்திலும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மாத்ஸ், இன்னொன்று என ஐந்தில் பி கேட்பார்கள். அதைப் பள்ளியே பார்த்துக்கொண்டது.) ஏ-லெவலுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் ஆலோசகர் சிரித்துக்கொண்டே சொன்னார்: மாத்ஸில் இவளுக்கு ஏ-ஸ்டார் நிச்சயம், பிசிக்ஸ் சுமை, எதற்கு விஷப்பரீட்சை? மலேசியாவுக்கும் சரி, இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களுக்கும் சரி, அவர் சொன்னது தப்பில்லை. அவருடைய பட்டியலில் இந்தியா இல்லை, அவ்வளவுதான். எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கணவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து தே தாரிக் குடித்தோம். மூன்றே பாடமா, நாமெல்லாம் ஆறு படித்தோமே என்று அவர் கேலி பண்ணியது கூட நினைவிருக்கிறது.

2023 மார்ச்சில், நீட் படிவம் திறந்த வாரத்தில், விஷயம் வெளியே வந்தது. நீட் எதற்கு, நீங்கள்தான் இங்கேயே படிக்கப்போகிறீர்களே என்று நினைப்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு ஒரு நாள் இந்தியாவில் ஊசி போட வேண்டும் என்றால், வெளிநாட்டில் சேருவதற்கு முன்பே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2018 முதல் இதுதான் விதி. ரேங்க் வேண்டாம், கல்லூரி இடத்துக்கான கட்-ஆஃப் வேண்டாம், தகுதி மதிப்பெண் எடுத்தால் போதும். வெளிநாட்டுச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட் ஒருவர் எங்களிடம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நீட்டெல்லாம் தேவையில்லை அண்ணே என்று கையை வீசிச் சொன்னார். அவர் சொல்லை நம்பியிருந்தால் கதையே வேறு.

நீட் எழுத ப்ளஸ் டூ அளவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். படிவத்தில் அந்த வரி வந்ததும் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏ-லெவல் இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் பாக்கி. அவளுடைய அட்டவணையில் பிசிக்ஸே இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் அலைச்சல். பிசிக்ஸை மட்டும் தனித்தேர்வராக எழுதலாம் என்றார்கள். கேம்பிரிட்ஜ் முறையில் ஆய்வகத் தேர்வு உண்டு, இரண்டு மணி நேரம் கருவியோடு உட்கார வேண்டும். தன் பள்ளி மாணவர் அல்லாத ஒருத்தியைத் தங்கள் லேபில் உட்காரவைக்க யாரும் தயாராக இல்லை. பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம் என்று ஐந்து இடம் ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் வரவேற்பில் இருந்த உள்ளூர்த் தமிழ்ப் பெண் இரக்கப்பட்டு, எட்எக்ஸெல்னு இன்னொரு தேர்வு வாரியம் இருக்கு, பாருங்கக்கா, அதில் பிராக்டிகலும் எழுத்துத் தாள்தான் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு இன்றுவரை தீபாவளிக்கு முறுக்கு போகிறது. எட்எக்ஸெலின் இன்டர்நேஷனல் ஏ-லெவல் பிசிக்ஸ் ஆறு யூனிட். மூன்றாவதும் ஆறாவதும் செய்முறைத் திறன், இரண்டுமே பேனாவால் எழுதுவது. ஜனவரி 2024-இல் மூன்று, மே-ஜூனில் மூன்று எழுதி முடித்தாள்.

கூடுதலாகப் பின்னால் எழுதிய பாடம் செல்லுமா என்ற பயம் வேறு. பழைய விதிப்படி சிக்கல்தான். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், ப்ளஸ் டூவுக்குப் பிறகு கூடுதல் பாடமாகப் படித்திருந்தாலும் ஏற்கலாம் என்று அறிவித்தது. அன்று பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே, பிள்ளைக்கு மெடிக்கல் ஆசை துளி இருந்தாலும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். மாத்ஸ் நான்காவதாக வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். சிபிஎஸ்இ பள்ளியில் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஏ-லெவலுக்குப் பதிலாக ஒரு வருட ஃபவுண்டேஷன் என்று கல்லூரிகள் விளம்பரம் செய்யும். இந்த ஊருக்கு நல்ல குறுக்குவழிதான், ஆனால் இந்தியாவில் ப்ளஸ் டூவுக்குச் சமம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

நீட் தயாரிப்பு பற்றி ஒன்றே ஒன்று. 180 கேள்வியில் 90 பயாலஜி. ஏ-லெவலில் ஏ-ஸ்டார் வாங்கும் பிள்ளை அதில் தடுமாறும். தாவர வகைப்பாடு, பூவின் அமைப்பு என்று என்சிஇஆர்டி புத்தகத்தில் வரிக்கு வரி இருப்பதில் பாதியை இங்கே தொடுவதே இல்லை. என் தம்பி திருச்சியிலிருந்து வந்தபோது முப்பது கிலோ பெட்டியில் பதினோரு கிலோ புத்தகம். அம்மா கொடுத்தனுப்பிய வடகத்தை அதற்காக இறக்கிவைத்துவிட்டு வந்தானாம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

விண்ணப்பம் எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் விண்ணப்பம் என்றால் மதிப்பெண்தான். இங்கே தனியார் கல்லூரிகள் நேர்காணல் வைக்கின்றன. சில இடங்களில் அறை அறையாகப் போய் ஏழெட்டு நிமிடம் பேசும் எம்எம்ஐ முறை. இங்கிலாந்தும் பார்க்கிறீர்கள் என்றால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் யுகேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, அக்டோபர் 15-க்குள் யுகாஸ் என்ற பொது விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். மருத்துவத்துக்கு நான்கு இடம்தான் போட முடியும். என் மகள் முதலில் எழுதிய கட்டுரை, ‘சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆசை’ என்று தொடங்கியது. கிழித்துப் போடச் சொன்னேன். எல்லாருக்கும் அதே ஆசைதானே.

இரண்டாவது தடவை அவள் எழுதியது தைப்பூசம். பத்துமலையில் முதலுதவிக் கூடாரத்தில் உதவிக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணி. 272 படி ஏறி இறங்கிய ஒரு பாட்டிக்குப் பாதம் முழுக்கக் கொப்புளம், தாரில் நடந்த சூடு. இவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது பாட்டி, நேர்ந்துகிட்டது யாருக்குன்னு கேக்க மாட்டியா என்று கேட்டாராம். டயாலிசிஸில் இருக்கும் மகனுக்காக நடந்திருக்கிறார். அடுத்து வந்தவர் ஒரு மலாய் ஊழியர், வெயிலில் மயங்கியவர். ‘சாகிட் டி மானா?’, எங்கே வலிக்கிறது, என்று அன்றுதான் வாய் திறந்து மலாயில் கேட்டாளாம். நேர்காணலில் கால்வாசி நேரம் அந்தப் பாட்டியைப் பற்றியே கேட்டார்கள். மலாய் பேசக் கற்றுக்கொடுங்கள். வார்டில் ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு நோயாளியிடம் எதுவும் வாங்க முடியாது.

சேருவதற்குக் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் கேளுங்கள். இந்தியாவின் 2021 விதிப்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் வேண்டும், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யத் தகுதி வேண்டும். மலேசியாவில் பட்டம் முடிந்த பிறகுதான் ஹவுஸ்மேன்ஷிப் என்ற பயிற்சி டாக்டர் வேலை, இரண்டு வருடம், அரசு மருத்துவமனையில். உங்கள் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கல்லூரியிடம் கடிதமாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதை வைத்து எந்த மருத்துவக் கவுன்சிலும் பதிவு தராது.

மகள் இப்போது இங்கே சிலாங்கூரில் படிக்கிறாள், தோழிகளைவிட ஒரு வருடம் பின்னால். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் நேற்று செய்தி அனுப்பியிருந்தார், பையன் பிசிக்ஸுக்கு மாறிவிட்டானாம். என்சிஇஆர்டி பயாலஜி இரண்டு வருடப் புத்தகமும் எங்கள் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. ஓரத்தில் பென்சில் குறிப்பு நிறைய இருக்கும், சில பக்கத்தில் என்னைத் திட்டியும் எழுதியிருக்கிறாள். பரவாயில்லை என்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.