கேம்பர் போல்ட் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

தாழ்த்திய ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன் தூண்) போட்டபின் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), காரை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் பொருந்தும் உலோகப் பாகம்) இணைக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்துங்கள். நக்கிளின் மேல்முனையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்குவிசை அளவில்) முறுக்குங்கள். துளைகள் போல்ட்டைவிட மயிரிழை பெரியவை. அந்த இடைவெளி முழுவதும் ஒரே பக்கம் சேர்வதால் சாய்வு சற்று நிமிரும். சில வண்டிகளில் இதுவே போதும், செலவே இல்லை. போதாவிட்டால் மட்டும் மேல் போல்ட்டுக்குப் பதில், சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போடுங்கள்.

கேம்பர் அசைந்தால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அசையும். அதைக் கட்டாயம் சரிபார்த்துவிடுங்கள். டயரின் உள்விளிம்பை வேகமாக வழுக்கையாக்குவது பெரும்பாலும் டோதான்.

ஸ்ட்ரட்டை ஒற்றை போல்ட்டால் கவ்வும் வண்டிக்கும், மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் டபுள் விஷ்போன் வண்டிக்கும் இது பொருந்தாது.