ஸ்கிப் பட்டனை அழுத்தாதீர்கள்: அனிமே பாடல்களைக் கேட்பதில் நடக்கும் தவறுகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில் எபிசோடின் தொடக்கத்தில் ஒரு பாட்டு, முடிவில் ஒரு பாட்டு வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 விநாடி. முதல் எபிசோடில் பார்த்துவிட்டு, அடுத்ததிலிருந்து 'ஸ்கிப் இன்ட்ரோ'வை அழுத்துவதுதான் பலருடைய வழக்கம். கதை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஆப் தானாகவே அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுகிறது. இப்படியே மொத்தத் தொடரையும் முடித்துவிட்டு, "இந்தப் பாட்டுக்குப் போய் எல்லாரும் ஏன் அழுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது.

ஒரே பாட்டைப் பத்துப் பன்னிரண்டு முறை கேட்க வைப்பதில்தான் அனிமே எடுப்பவர்களுடைய வித்தை இருக்கிறது. பாட்டு மாறாது, அதைக் கேட்கும்போது நமக்குத் தெரிந்த கதை மாறிக்கொண்டே போகும். 2011இல் வந்த 'மடோகா மாகிகா'வின் தொடக்கப் பாட்டு 'கனெக்ட்'. பாடியவர்கள் கிளாரிஸ். முதல் சில எபிசோடுகளில் அது மந்திரச் சிறுமிகள் கதைக்கே உரிய, துள்ளலான, சாதாரணப் பாட்டாகத்தான் படும். 10ஆவது எபிசோடில் அதே பாட்டைத் தொடக்கத்திலிருந்து எடுத்து முடிவில் வைத்தார்கள். ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆனால் அது இத்தனை நாளும் யாருடைய மனதிலிருந்து வந்த பாட்டு என்பது அங்கேதான் பிடிபடும். அது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்பது எபிசோடுகளிலும் ஸ்கிப் செய்தவருக்கு அந்த இடத்தில் எதுவும் நடக்காது.

முடிவுப் பாட்டு விஷயத்தில் நஷ்டம் இன்னும் அதிகம். அதே ஆண்டில் வந்த 'அனோஹனா'வில் எண்டிங் பாட்டின் இசை பெயர்கள் ஓடும்வரை காத்திருக்காது. கடைசிக் காட்சியில் பாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் மெல்ல நுழைந்துவிடும். காட்சி எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் திரையின் ஓரத்தில் 'அடுத்த எபிசோட்' என்று கட்டம் முளைத்து எண்ணத் தொடங்கினால் எப்படி இருக்கும்? ஆகவே முதல் வேலையாக ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். சில தொடர்களில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் ஒரு சின்னக் காட்சி ஒளிந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த தவறு, தொடரைப் பார்க்கும் முன்பே யூடியூபிலோ ரீல்ஸிலோ பாட்டைத் தேடிப் போவது. மனதை உருக்கும் பாடல்கள் என்று யாராவது தொகுத்த வீடியோவில், பாட்டுக்குப் பின்னால் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கதையின் மரணக் காட்சிகள்தான். போதாததற்கு கமெண்டில் ஒருவர் இறந்தவரின் பெயரையே போட்டு அஞ்சலி செலுத்தியிருப்பார். 2020இல் வந்த, 'கிமெட்சு நோ யாய்பா' (டீமன் ஸ்லேயர்) தொடரின் 'முகேன் டிரெயின்' படத்தின் 'ஹொமுரா' ஜப்பான் ரெக்கார்ட் விருதின் உயரிய பரிசை வென்ற பாட்டு. லிசா பாடியது, யுகி காஜியுரா இசையமைத்தது. தனியாகக் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது படம் முடிந்து, திரையரங்கில் விளக்கு எரிவதற்கு முந்தைய நிமிடங்களுக்காகச் செய்யப்பட்டது. கொஞ்சம் பொறுத்திருந்து அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் எந்தப் பாத்திரத்தைக் குறிக்கிறது என்று துப்பறிவதும் பலருக்குப் பிடித்த விளையாட்டு. கதைக்காகவே எழுதிய பாட்டென்றால் சரி. யோஅசோபி இசைக்குழு சிறுகதைகளை அடிப்படையாக வைத்தே பாடல்களை எழுதுகிறது. 2023இல் வந்த அவர்களுடைய 'ஐடல்' பாட்டுக்கு, 'ஓஷி நோ கோ' மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) எழுதிய அகா அகாசகாவே ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தார். அங்கே துப்பறிய நிறைய இருக்கிறது.

ஆனால் அனோஹனாவின் எண்டிங் பாட்டான 'சீக்ரெட் பேஸ்' அப்படிப்பட்டதல்ல. அது ஸோன் என்ற பெண்கள் இசைக்குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட பாட்டு. கோடை முடிவில் பிரியும் நண்பர்கள், பத்து ஆண்டு கழித்து ஓர் ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்புவதுதான் அதன் சாரம். சரியாகப் பத்தாவது ஆண்டில், சிறுவயதுத் தோழியை இழந்து திசைக்கொருவராகப் போன நண்பர்களின் கதைக்கு அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தத் தொடரில் நடித்த மூன்று குரல் நடிகைகளே பாடினார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோன சிறுமிக்குக் குரல் கொடுத்தவர். 2005இல் கலைந்துபோன ஸோன் குழுவும் 2011 ஆகஸ்டில் மறுபடி மேடையேறியது. 2001இல் அந்தப் பாட்டை வானொலியில் கேட்டு வளர்ந்த ஜப்பானியருக்கு, தொடரில் அது ஒலித்தபோது தங்கள் சொந்தப் பத்து ஆண்டும் சேர்ந்தே திரும்பி வந்திருக்கும். பாட்டு தொடருக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்துக் கேட்டால் இது அத்தனையும் கைநழுவிப் போகிறது.

'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் முடிவுப் பாட்டும் அதே வகைதான். யூமி கிமுரா அந்த மெட்டை, படத்தின் இயக்குநர் மியாசாகி எடுக்க நினைத்துக் கைவிட்ட வேறொரு படத்தை மனதில் வைத்து உருவாக்கினார். அந்தப் படம் நின்றுபோனது, பாட்டு இந்தப் படத்துக்கு வந்து சேர்ந்தது. இதை ஜோ ஹிசாய்ஷியின் பாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. படத்தின் பின்னணி இசைதான் ஹிசாய்ஷியுடையது. பாட்டின் வரிகள் வகாகோ காகு, மெட்டும் குரலும் லயர் என்ற நரம்பு வாத்தியத்தின் வாசிப்பும் கிமுரா.

பின்னணி இசையையும் தீம் பாட்டையும் குழப்பிக்கொள்வதும் இதன் தொடர்ச்சியே. 'நருட்டோ'வின் 'சேட்னஸ் அண்ட் சாரோ' தோஷியோ மசுதா அமைத்த பிஜிஎம். ஓப்பனிங் பட்டியலில் தேடினால் கிடைக்காது. 'எல்ஃபென் லீட்'டின் 'லிலியம்' லத்தீனில் இருப்பதால் பழங்காலத் தேவாலயப் பாட்டு என்று நம்புகிறவர்கள் உண்டு. வரிகளில் விவிலிய வசனங்கள் இருப்பது உண்மை; மெட்டு 2004இல் தொடருக்காகப் போட்டது. 'கிமெட்சு நோ யாய்பா'வின் முதல் சீசனில் 19ஆவது எபிசோடில் மட்டும் ஒலிக்கும் 'கமாடோ தன்ஜிரோ நோ உதா' ஒரு தனி ரகம். சண்டையின் உச்சத்தில் தொடங்கி, பெயர்கள் ஓடும்போதும் தொடர்கிறது. அன்றைக்கு வழக்கமான எண்டிங்கையே ஒதுக்கிவிட்டு இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சோகப் பாட்டென்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். 'யுவர் லை இன் ஏப்ரல்' தொடரின் முதல் ஓப்பனிங் 'ஹிகாரு நாரா' கைதட்டிப் பாடத் தோன்றும் பாட்டு. தொடரை முடித்தபின் அதே பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கடைசியாக, தேடும்போது எந்தப் பதிப்பு என்று கவனியுங்கள். டிவி சைஸ் என்றால் அதே 90 விநாடிதான். முழுப் பாட்டில் நீங்கள் கேட்டே இராத சரணங்கள் இருக்கும். பலமுறை அவைதான் பாட்டின் நல்ல பகுதி. வேகம் கூட்டிய ரீல்ஸ் பதிப்புகள் வேண்டவே வேண்டாம். 'சீக்ரெட் பேஸ்' தேடினால் ஸோன் பாடிய 2001 பதிப்பும் வரும், தொடரில் வந்ததும் வரும். தொடரில் கேட்டதுதான் வேண்டுமென்றால் '10 இயர்ஸ் ஆஃப்டர்' என்று குறிப்பிட்டிருப்பதை எடுங்கள். பிறகு ஒருநாள் பழையதையும் கேளுங்கள். அழுகை குறைவு, இளமை அதிகம்.