அப்பாவின் பைக்கில் கிழக்குக் கடற்கரை: டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், ஊரில் கொட்டகையில் அப்பாவின் பைக் நிற்கிறது. இந்த முறை அதை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகத் தனியாகப் போய், கூடாரம் போட்டுத் தங்கும் ஆசை இருந்தால், டிக்கெட் போடும் முன் ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "வண்டி நல்லா இருக்கு, நீ வா" என்ற சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

பதிவாகி 15 ஆண்டு தாண்டிவிட்டதா? அப்படியானால் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்பதைக் காட்டும் ஹெச்.பி. என்ற குறிப்பு இருக்கிறதா? தவணை முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அதை நீக்காமல் விட்டிருப்பார்கள். கடன் கொடுத்த இடத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். இவை அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும்.

அப்பா இல்லை, ஆர்.சி.யில் அவர் பெயர்தான் இருக்கிறது என்றால் பெரிய வேலை காத்திருக்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும், 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விமானம் ஏறியவர்களுக்கு இது நினைவில் இருந்திருக்காது. தாமதமானாலும் அபராதம் கட்டி மாற்றலாம். மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். நோட்டீஸ் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் பெயருக்கு வந்து நிற்கும்.

பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றோடு வாரிசுச் சான்றும் கேட்பார்கள். அப்பா கடைசியாகக் குடியிருந்த வட்டத்தில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். மனு வி.ஏ.ஓ.விடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கும் போகும். மூன்று வார விடுப்பில் இது முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு இடத்தில் மாட்டும்.

முதலாவது பெயர். ஊர் ஆவணத்தில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருக்கும். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஆதார் இல்லாதவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இரண்டாவது விசாரணை. எத்தனை பிள்ளைகள், யார் எங்கே என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அன்றைக்கு அம்மாவுக்குத் துணையாக ஒருவர் இருக்கும்படி பாருங்கள். "வெளிநாட்டுல இருக்கிற பிள்ளை கடைசியா எப்ப வந்துச்சு?" என்ற கேள்விக்கு அவர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டாம்.

"உன் பேரை விட்டுட்டா சீக்கிரம் முடியும்" என்று சொந்தத்தில் யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளவே கூடாது. நாளைக்கு வீட்டுக்கும் நிலத்துக்கும் வங்கிக்கும் இதே சான்றுதான் போகும். ஒரு வாரிசை மறைத்து வாங்கிய சான்று ரத்தாகலாம். ஒரு பைக்குக்காகப் பெற்ற பிள்ளை இல்லை என்று காகிதத்தில் எழுத வைக்காதீர்கள்.

வண்டியை அம்மா பெயருக்கு மாற்றுவதே நல்லது. உள்ளூர் முகவரி அவருக்குத்தான் இருக்கிறது. மற்ற வாரிசுகள் சம்மதக் கடிதம் தர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். உடன்பிறந்தவர் கையெழுத்துக்கு ஈடாக வண்டியைக் கேட்டால், தருவதா இல்லையா என்பதை அங்கிருந்தே பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள். எதுவும் கைகூடவில்லை என்றால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வாடகை வண்டி எடுங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் முத்திரை மட்டும் இருந்தால் உரிமம் இல்லாதவர் கணக்குதான், அபராதம் 5,000 ரூபாய். சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி எதையும் கொண்டுவராதீர்கள். அனுமதியின்றி வைத்திருந்ததற்காக விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு டேங்கின் அடியைப் பாருங்கள். துரு இருந்தால் கழுவாமல் ஓட்டக் கூடாது, அது நேராகக் கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, பெட்ரோல் ட்யூபை மாற்றுங்கள். டயரில் தேய்மானம் இல்லாவிட்டாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் புதிது போடுங்கள். ஒரு ட்யூப், கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், செயினை இணைக்கும் லாக் கையில் இருக்கட்டும்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் போதும். கடலூர் தாண்டி டெல்டாவில் சம்பா அறுவடை நேரம் ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் கிடக்கும். வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும், பின்சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு செயினையும் இறுக்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் குனிந்து அதைப் பிடுங்கிப் போடுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளும், மூட்டையை உயரமாகக் கட்டாதீர்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் இரவு தங்க விடமாட்டார்கள்.

கூடாரம் போடும் முன் மீனவர் ஊரின் தலைவரைக் கேளுங்கள். "ஐயா, ஒரு ராத்திரி தங்கிக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மொட்டை மாடியே கிடைக்கும். வேதாரண்யத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கடத்தல் கண்காணிப்பு அதிகம் என்பதால் கடலோரக் காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அவர்களின் இலவச எண் 1093. காய்ந்த பாசியும் சிப்பியும் கோடு போட்ட மாதிரி ஒதுங்கிய இடம்தான் ஓத எல்லை, அதற்கு மேலே தங்குங்கள். படகுகள் விடியுமுன்னே இறங்கும், அவற்றின் முன்னால் படுக்காதீர்கள். மணலில் கூடார முளை நிற்காது. பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடக் கரையேறும், விளக்கு வேண்டாம். கோடியக்கரைச் சரணாலயத்திலும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் கூடாரத்துக்கு இடமில்லை.

திரும்பி வந்ததும் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். சாவியைப் பெட்டியில் பூட்டாமல், உரிமமுள்ள தெருப்பையன் ஒருவனிடம் கொடுத்து வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மருந்து வாங்கவும் அந்த வண்டி உதவும்.