பதிவு செய்யும்போது பிள்ளைகள் திக்கினால்

ல, ள, ழ உச்சரிப்புப் பயிற்சிக்காக ஹெட்போன் மாட்டிப் பதிவு செய்யும்போது பிள்ளைகள் சொற்களை இழுத்தார்கள், திக்கினார்கள். காரணம் பயமில்லை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், பேசுவதை அப்போதே ஹெட்போனில் ஒலிக்கவிடும் ‘சாஃப்ட்வேர் பிளேத்ரூ’ ஆன் ஆகியிருந்தது. தன் குரலே நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்திக் காதில் விழுந்தால் பெரியவர்களுக்கே நாக்குத் தடுமாறும். அதை அணைத்ததும் பேச்சு சீரானது. ஹெட்போனைக் கழற்றிவிடாதீர்கள், ஸ்பீக்கரில் ஓடும் ஆசிரியரின் மாதிரிக் குரலும் பதிவில் கலந்துவிடும்.

மைக்கை ஒரு சாண் தள்ளி, வாயோரமாகச் சாய்த்து வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக்காற்று மோதும். மோனோ (ஒரே தடம்), மாதிரி வீதம் 44100 ஹெர்ட்ஸ் போதும். அளவுமானியின் உச்சம் −12 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். 0-வைத் தொட்டால் ஒலி நசுங்கும், பிறகு சரிசெய்வது கடினம். இரைச்சல் நீக்கியை அழுத்திப் பயன்படுத்தினால் மெல்லிய ஒலிகளும் போய்விடும். மின்விசிறியை நிறுத்துவதே மேல்.

ஓரெழுத்து மட்டும் மாறும் சொற்களே பயிற்சிக்கு ஏற்றவை: வால்–வாள், பல்லி–பள்ளி, கிளவி–கிழவி. முதலில் கேட்கட்டும்: ஆசிரியர் குரலில் முன்பின்னாக ஒலிக்கவிட்டு, உரிய அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காதில் பிரியாத ஒலி வாயில் பிரியாது. பிறகு மாதிரிச் சொல், 2 நொடி இடைவெளி. அதில் பிள்ளை சொல்லட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகத்தைக் குறைக்க ‘சேஞ்ச் டெம்போ’வில் −20 சதவீதம். ‘சேஞ்ச் ஸ்பீட்’ வேண்டாம், குரல் தடித்துவிடும்.

முதல் நாள் பதிவை அழிக்காதீர்கள். சில வாரம் கழித்துப் போட்டுக் காட்டினால், ளகரம் சரியாக வந்த இடத்தைப் பிள்ளையே சுட்டிக்காட்டும்.