பையில் ஒரு பேனாக்கத்தி: டெல்லியில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேனாக்கத்தி வாங்க நினைப்பவர்கள் பலரின் கண் முதலில் பட்டன் கத்தி மேல்தான் போகிறது. அழுத்தினால் சடக்கென்று அலகு வெளியே வரும், பார்க்க மிடுக்காக இருக்கும். டெல்லியில் இருந்தால் தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

ஆயுதச் சட்டம் 1959-இன் விதிகள்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இதைக் கேள்விப்பட்டதும் 'நம்முடையது சின்னக் கத்திதானே' என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் சில சின்னக் கத்திகளையும் இந்தச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர டெல்லிக்கென்று 1980 அக்டோபரில் தனி அறிவிக்கை ஒன்று வந்தது. ஸ்பிரிங் கத்தி, பட்டன் கத்தி, திறக்கும்போது கரகரவென்று பல் விழும் கராரிக் கத்தி, வேறு ஏதாவது இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தி எல்லாமே அதில் அடக்கம். அளவு: நீளம் 7.62 சென்டிமீட்டர், அகலம் 1.72 சென்டிமீட்டர், அல்லது அதற்கு மேல். 7.62 என்பது சரியாக 3 அங்குலம். ஆகவே நகத்தால் இழுத்துத் திறக்கிற, அலகு 3 அங்குலத்துக்குள் நிற்கிற கத்தியாகப் பாருங்கள். கைப்பிடி 91 மில்லிமீட்டர் உள்ள சுவிஸ் விக்டோரினாக்ஸ் இதற்குள் அடங்கிவிடும். பலரும் புகழும் பிரெஞ்சு ஒப்பினெல் 8-ஆம் எண் நல்ல கத்திதான். ஆனால் அலகு 8.5 சென்டிமீட்டர். அதை வீட்டில் பழம் நறுக்க வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்துக்கு உட்பட்ட கத்தி என்றால் எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. மெட்ரோவில் பை ஸ்கேனருக்குள் போகிறது. திரையில் கத்தி தெரிந்தால் அங்கே நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரரின் முடிவுதான் முடிவு. பின்னால் வரிசை நிற்கும்போது அவரிடம் அங்குலக் கணக்குப் பேசிப் பயனில்லை. மெட்ரோவில் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொங்கலுக்கு விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள் முந்தின இரவே லேப்டாப் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டைத் துழாவிப் பாருங்கள். கைப்பையில் கத்தி கூடாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

விரலை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் பூட்டு இல்லாத கத்தியைக் குத்துவதற்குப் பயன்படுத்தும்போதுதான். ஊரிலிருந்து பொடியும் வடகமும் வருகிற பார்சலில் சணல் முடிச்சு இறுகிக் கிடக்கும். முடிச்சுக்குள் முனையைச் செருகி நெம்பத் தோன்றும். சாதாரணப் பேனாக்கத்தியில் அலகை நிறுத்துவது முதுகுப்பக்க ஸ்பிரிங் மட்டுமே. முனையில் அழுத்தம் வந்தால் அலகு மடங்கும். மடங்குகிற வழியில் நம் நான்கு விரல்களும் இருக்கின்றன. கயிற்றின் அடியில் அலகை நுழைத்து, கூர் வெளிப்பக்கம் பார்க்க, உடம்பை விட்டு விலக்கி அறுங்கள். பெயின்ட் டப்பா மூடியை நெம்புவதும் ஸ்க்ரூ திருகுவதும் வேண்டாம். பக்கவாட்டில் வளைத்தால் முனை ஒடிந்து தெறிக்கும்.

மழுங்கின கத்திதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. உண்மையில் கூர் போன கத்தியைத்தான் நாம் பலம் கொடுத்து அழுத்துகிறோம், அது வழுக்கி கையில் ஏறுகிறது. தக்காளித் தோலில் வைத்து அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் தீட்ட வேண்டிய நேரம். ஆனால் தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கு அவர் கை அருமையானது. பேனாக்கத்தியின் மெல்லிய அலகோ சாணைச் சூட்டைத் தாங்காது. கூர் ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

தீட்டுவதற்கு 1000 கிரிட் (கல்லின் நுண்மை அளவு) தண்ணீர்க் கல் ஒன்று வீட்டுக்குப் போதும். கல்லை நனைத்து, அலகைச் செங்குத்தாகப் பிடித்து, பாதி சாய்த்தால் 45 பாகை. அதிலும் பாதி சாய்த்தால் 22 சொச்சம். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் வேண்டிய 15 முதல் 20 பாகைக்குள் வந்துவிடும். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கமாகத் தீட்டிக்கொண்டே போங்கள். எதிர்ப்பக்கத்தில், கூரிலிருந்து விலகும் திசையில் விரலை மெதுவாக ஓட்டினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். ஓரம் முழுக்க அது வந்த பிறகே மறுபக்கம். பலர் இதற்குப் பொறுமையில்லாமல் இப்படி நாலு, அப்படி நாலு என்று தேய்த்துவிட்டு கல் சரியில்லை என்கிறார்கள். கடைசியில் அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு போய்விடும்.

அப்புறம், எண்ணெய். ஸ்டெயின்லெஸ் என்றாலும் மாம்பழச் சாறு மூட்டுக்குள் இறங்கினால் பிசுபிசுத்துப் போகும். அலகுகளைத் திறந்து வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: டெல்லிக் குளிரில் உறையும். பழம் நறுக்கும் கத்தி என்பதால் தையல் மெஷின் எண்ணெயும் கூடாது. உணவில் படக்கூடிய மினரல் ஆயில் கேட்டு வாங்குங்கள்.

யாராவது கேட்டால் மடக்கிக் கொடுங்கள், மடக்கித் திருப்பி வாங்குங்கள்.