சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய இரவே கேமரா மெமரி கார்டைத் தயார் செய்யுங்கள்

சித்ரா பௌர்ணமி மாலையில் குமரி முனையில் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும். கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரம் பார்த்து கார்டு நிறைந்தால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.

முந்தைய இரவே பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என இரண்டு இடங்களில் ஏற்றுங்கள். சில படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். சின்னப் படம் தெரிவதால் மட்டும் கோப்பு முழுசாக வந்துவிட்டது என்று நம்ப முடியாது. அதன் பிறகு கார்டைக் கேமராவில் போட்டு, கேமரா மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அப்போதுதான் அந்தக் கேமராவுக்கு வேண்டிய கோப்பு அமைப்பு சரியாக உருவாகும். கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்த கார்டைச் சில கேமராக்கள் ஏற்காது.

புதிய கார்டு வாங்கும்போது 170, 200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் நொடிக்கு இத்தனை எம்பி என்ற படிக்கும் வேகம். வீடியோவுக்கு முக்கியம் எழுதும் வேகம்: கார்டில் வி30 என்ற குறி இருந்தால் அது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது. நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு எம்பி) அளவில் பதியும் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பிதான் தேவை, அதற்கு வி30 தாராளம். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 85 நிமிடம் பதியலாம். எஸ்டிஹெச்சி என்ற, 32 ஜிபி வரையான கார்டு வகையை மட்டும் ஏற்கும் பழைய கேமராவுக்கு 32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள்.

போலி கார்டும் உண்டு. உள்ளே 32 ஜிபி இருக்கும், கம்ப்யூட்டரில் 256 என்று காட்டும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுத்த படங்கள் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பிச் சோதியுங்கள்.

முட்டம், சங்குத்துறை போன்ற கடற்கரைகளில் மணலில் நின்று கார்டு மாற்றாதீர்கள். காற்றில் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். கார்டின் பொன்னிறப் பட்டைகளில் ஈரம் பட்டாலோ, மணல் துகள் உள்ளே போனாலோ தொடர்பு கெடும். திற்பரப்பு அருவிச் சாரலிலும் இதே கதைதான். காருக்குள் போங்கள், முடியாவிட்டால் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கேமராவை அணைத்து, சிவப்பு விளக்கு நின்ற பிறகே கார்டை எடுங்கள். விளக்கு மின்னும்போது எடுத்தால் கடைசிப் படத்தோடு சில சமயம் கோப்புப் பட்டியலே சிதையும்.

‘பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தால் கார்டின் இடப்பக்கத்துச் சிறு தள்ளு விசை கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளினால் போதும். அது உடைந்து விழுந்திருந்தால் புதுக் கார்டு வாங்குவதே நல்லது. பழைய கார்டில் இருக்கும் படங்களைத் தடையின்றி நகலெடுக்கலாம்.

தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் இன்னொரு படமும் எடுக்காதீர்கள். கேமரா ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் மறுத்துவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். அழிக்கும்போது பெரும்பாலும் பட்டியல்தான் போகும்; புதுப் படம் மேலே விழாதவரை பழையது அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கார்டு ரீடர் வழியே ஓட்டுங்கள். மீட்ட படங்களை வேறு டிஸ்கில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம்.